குடை திரும்பிய கதை

மங்கலராயர் ஆண்ட நாட்டில் எதிரி பயம் கிடையாது, புறா பயம்தான். கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரிலிருந்து பூவண்ணன் என்கிற வியாபாரி புறாவின் காலில் படம் கட்டி அனுப்புவான். படத்தைப் பார்த்துப் பொன் அனுப்பினால் பெட்டி வரும். கடையையும் யாரும் கண்டதில்லை, கடைக்காரனையும் கண்டதில்லை.

பண்டகசாலைத் தலைவி அங்கயற்கண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "மன்னா, கத்தரிக்காயைக்கூடக் காம்பைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். படத்தைப் பார்த்தா குடை வாங்குவது?"

"உனக்கு நாகரிகம் போதாது" என்ற ராயர், முந்நூறு பொன் கொடுத்து வெண்கொற்றக்குடை தருவித்தார்.

தேர்த் திருவிழா. யானைமேல் ராயர். குடையை விரித்தார்கள். அகல்விளக்கைக்கூட அணைக்க முடியாத ஒரு நோஞ்சான் காற்று வந்தது. குடை அப்படியே மேல்பக்கமாகத் திரும்பி, ராயர் தலைக்குமேல் தாம்பாளம் மாதிரி நின்றது. அதில் ஒரு காகம் வந்து சௌகரியமாக உட்கார்ந்தது. ஊரே சிரித்தது.

"பங்குனிக்குள் என் பொன் வர வேண்டும். வராவிட்டால் சாவிக்கொத்தை வைத்துவிட்டு நடையைக் கட்டு!" என்றார் ராயர், அங்கயற்கண்ணியிடம்.

வாங்கியது அவர். வாங்கிக் கட்டிக்கொண்டது இவள்.

அவள் புறா விட்டாள். "குடை திரும்பிவிட்டது. பொன்னைத் திருப்பித் தரவும்."

பதில் வந்தது. "குடை திரும்பிவிட்டதா? இங்கே வந்து சேரவில்லையே!"

"ஐயா, காற்றில் திரும்பியது!"

"காற்றில் அனுப்பிய பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. தங்கள் மனக்குறையே எங்கள் மனக்குறை."

மூன்றாவது புறா விதியைக் கொண்டுவந்தது: "முத்திரை உடையாத பெட்டியில் குடையை எங்கள் கையில் சேர்த்தால்தான் பொன் கிடைக்கும்."

புறாக்களுக்கு ஒரு மரக்கால் கம்பு போட்டதுதான் மிச்சம். பங்குனியோ நெருங்கிவிட்டது. அங்கயற்கண்ணி அந்த விதியை நாலு தரம் படித்தாள். பிறகு எழுதினாள்: "எங்களிடம் நூறு யானை உண்டு, குடை ஒன்றுதான். முத்திரையிட்ட பெட்டி தயார். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

இதற்கு மட்டும் பதில் புறா மூச்சிரைக்க வந்தது. பின்னாலேயே, மிச்சம் தொண்ணூற்றொன்பது குடைக்கும் விலை கணக்குப் போட்டபடி, கப்பலில் பூவண்ணனும் வந்து இறங்கினான்.

சபையில் அவன் கையில் அரச முத்திரையிட்ட பெட்டியைக் கொடுத்தாள்.

"முத்திரையைப் பாரும். உடைந்திருக்கிறதா?"

"சேச்சே! பத்திரமாக இருக்கிறது."

"பெற்றுக்கொண்டீரா?"

"பெற்றுக்கொண்டேன் தாயே!" என்றவன், பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தான். பொன் குலுங்கும் சத்தமே இல்லை. முகம் சுருங்கியது. "உள்ளே பொன்தானே?"

"உடைத்துப் பாரும். ஆனால் உடைத்த பிறகு புகார் சொல்லக்கூடாது. விதி உம்முடையது."

"என்னம்மா அநியாயம்! உடைக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்?"

"அப்பாடா!" என்றாள் அங்கயற்கண்ணி. "இதை உம் வாயால் கேட்கத்தானே ஐயா உம்மை நேரில் வரவழைத்தேன்! கவலைப்படாதீர், நானே சொல்கிறேன். உள்ளே இருப்பது உம் குடை. முத்திரை உடையாத பெட்டி, உம் கையிலேயே சேர்த்தாயிற்று. சபை சாட்சி. எடும் பொன்னை!"

"அது... நான் சொன்னது என் முத்திரை..."

"யார் முத்திரை என்று விதியில் இல்லையே!"

பூவண்ணன் ராயரைப் பார்த்தான். ராயர் ஜன்னல் வழியே, தன் துறைமுகத்தில் நின்ற அவன் கப்பலைப் பார்த்தார். முந்நூறு பொன் வியாபாரியின் மடியிலிருந்து இறங்கியது.

ராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அங்கயற்கண்ணி, சாவி உன்னிடமே இருக்கட்டும். உனக்குத் தங்க ஒட்டியாணம் பரிசு!"

"எங்கே மன்னா?"

"நேற்றே பொன் அனுப்பிவிட்டேன். படத்தில் என்ன ஜொலிப்பு! பயப்படாதே, இது வேறு புறா."

அங்கயற்கண்ணி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பெட்டி வந்தால் பிரிக்காதீர்கள் மன்னா. திருப்பி அனுப்பச் சௌகரியமாக இருக்கும்."