சேமியா என்று சொன்னவன்

ஒரு வேதியியல் ஆய்வகத்தில் தில்லைநாயகி என்றொரு குரு இருந்தார். பேராசிரியர். சீடர்கள் எட்டுப் பேர். அதில் மூத்தவன் பரிதி.

அங்கே செய்வது ஒரே வேலைதான். புரதம் மாதிரி இருக்கும், ஆனால் புரதம் இல்லாத மூலக்கூறுகளைச் செய்வார்கள். மணி மணியாகக் கோர்த்த சங்கிலி அது. சரியாகக் கோர்த்தால் தானாகவே சுருண்டு, ஸ்பிரிங் மாதிரி நிற்கும். சுருளாவிட்டால் குப்பை.

சுருண்டதா என்று பார்க்க ஒரு மெஷின். வலப்பக்கம் சுழலும் ஒளியையும் இடப்பக்கம் சுழலும் ஒளியையும் உள்ளே விடும். மூலக்கூறு எதை அதிகம் விழுங்குகிறதோ, அதற்கேற்ப கோடு மேலேயோ கீழேயோ வளையும். அந்த மெஷின் பரிதியின் பொறுப்பில் இருந்தது.

பவுலின் என்ற இளையவள் இரண்டு வருடம் உழைத்து ஒரு சங்கிலி செய்தாள். அதன் கோடு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. நேராகப் படுத்துக் கிடந்தது.

குருவும் உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பரிதி அந்தக் கோட்டைத் திரையில் போட்டான்.

“இது சுருளெல்லாம் இல்ல. வேக வச்ச சேமியா.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அண்ணா, ஒருவேளை ரெண்டு பக்கமும்...” என்று பவுலின் ஆரம்பித்தாள். சிரிப்பில் அது அமுங்கிப்போனது. பிறகு அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் சேமியா. “சேமியா, டீ குடிக்க வரியா?” “சேமியா, அந்தக் குடுவையை எடு.” கூப்பிட்டால் வந்தாள்.

இரண்டு மாதத்தில் ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

அவள் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் வேறொரு ஆய்வகத்திலிருந்து பரிதிக்கு ஒரு படம் வந்தது. பவுலின் முன்பு அனுப்பியிருந்த படிகத்தை எக்ஸ்ரேயில் பார்த்த படம். சங்கிலி அழகாகச் சுருண்டிருந்தது. ஒன்று வலமாக, பக்கத்திலேயே ஒன்று இடமாக. படிகம் முழுக்க அப்படித்தான்.

வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பரிதி ஒரு மணி நேரம் அதை மூடி மூடித் திறந்தான். பிறகு குருவின் அறைக்குப் போனான்.

“மேடம், மெஷின் ஏமாத்திடுச்சு.”

தில்லைநாயகி படத்தைப் பார்த்தார். மேசை டிராயரைத் திறந்து இரண்டு பித்தளை நட்டுகளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“இது என்ன?”

“சிலிண்டர் நட்டு. இது நைட்ரஜன், வலப்பக்கம் திருகுற மரை. இது ஹைட்ரஜன், இடப்பக்கம் திருகுற மரை.”

“எதுல மரை இல்ல?”

“ரெண்டுலயும் இருக்கு.”

“வலத்துல இடத்தைக் கழிச்சா?”

“பூஜ்யம்.”

“மெஷின் என்ன காட்டுச்சு?”

“பூஜ்யம்.”

“அப்ப ஏமாத்தினது யாரு?”

பரிதி நட்டுகளை மேசையில் வைத்தான்.

“இது உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம். அவ போட்ட மணிக்கு இடம் வலம் கிடையாது. எந்தப் பக்கமும் சுருளலாம். ரெண்டும் பாதிப் பாதி இருந்தா கோடு படுத்துடும். முதல் வருஷமே படிச்சது.”

“பின்ன ஏன் அப்படிச் சொன்ன?”

“சிரிப்பாங்கன்னு.”



“அவ எங்க?”

“கீழ இருக்கா. அவ சாமானை எல்லாம் கழுவி வச்சிட்டு சாயங்காலம் பஸ் ஏறிடுவா. மேடம், நீங்க ஒரு மெயில் போட்டா நல்லா இருக்கும். எல்லாருக்கும் சேர்த்து. என் பேர் வேணாம்.”

“நான் போட்டா அவ இருப்பாளா?”



“தெரியல. ஆனா அவ கோபமே படல மேடம். ஒரு தடவைகூட. அன்னைக்கு அவளும் சிரிச்சா. அதான், அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன்.”

“அவ கோடும் படுத்திருந்துச்சு, இல்ல?”

பரிதிக்குக் காது சூடானது.

தில்லைநாயகி எழுந்து படத்தை எடுத்துக்கொண்டார். இருவரும் படி இறங்கினார்கள். கழுவும் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம், கண்ணாடி உரசும் சத்தம்.

பரிதி ஓரமாக ஒதுங்கி வழி விட்டான். “நீங்க முதல்ல போங்க மேடம்.”

அவரும் போகவில்லை. கதவைப் பார்த்தபடியே நின்றார்.

“அன்னைக்கு அவ பேச வாயெடுத்தது எனக்குக் கேட்டுச்சு, பரிதி. நான் சிரிச்சிட்டு இருந்தேன்.”