கலகலத்த பல்லக்குத் தண்டு

“அந்த ஆளுக்கு நான் மருந்து இடிக்க மாட்டேனுங்க, அம்மணி.”

செங்கோடனுக்கு நரை விழுந்தாயிற்று. ஜமீன் பல்லக்கைத் தூக்கித் தூக்கி வலது தோளில் தேங்காய் மூடி அளவுக்குக் காய்ப்பு. இப்போது வைத்தியம் படிக்கிறார்.

குரு நாச்சாயி அவரைவிட இளையவள். கீரை ஆய்கிற மாதிரி மூங்கில் இலையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்கண்ணா?”

“மஞ்சக் கயிறு கட்டுன மூங்கிலை வெட்டுனவனுக்கா மருந்து?”

அந்த மலையடிவாரத்தில் ஒரு வழக்கம். மூங்கிலை ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கலகலவென்றால் மூங்கிலுப்பு விளைந்துவிட்டது. உடனே ஒரு மஞ்சள் கயிறு. யாருக்காவது சளி கட்டி மூச்சு இழுக்கும்போதுதான் அதை வெட்டுவார்கள். அதுவரை கள்ளன்கூடத் தொடமாட்டான்.

ஜமீன்தார் தொட்டார். கேட்பார் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்களே, அந்தக் கதைதான். புதுப் பல்லக்குக்குத் தண்டு வேண்டுமென்று கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு வெட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த மார்கழியில் செங்கோடனின் மனைவி பாவாயிக்கு மூச்சு இழுத்தது. ஊரில் ஒரு சிட்டிகை மூங்கிலுப்பு இல்லை. அவளைப் புதைத்துவிட்டுத்தான் அவர் இங்கே வந்தார்.

இப்போது ஜமீன்தாருக்கு இழுக்கிறதாம். வந்துகொண்டிருக்கிறாராம்.

“மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவேன்.”

“மருந்து இருந்தாத்தானே அண்ணா மாட்டேன்னு சொல்லோணும்? டப்பா காலி.”

செங்கோடனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

பல்லக்கு வந்தது. அதற்கு முன்பே சத்தம் வந்தது.

கலகல. கலகல.

செங்கோடன் திரும்பிப் பார்த்தார்.

தூக்கி வந்த நால்வரும் பல்லக்கை இறக்கினார்கள். உள்ளே ஜமீன்தார் மீசையும் வியர்வையுமாக மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

“மருந்து... குடு.”

“இல்லீங்க” என்றாள் நாச்சாயி.

“எனக்கே... இல்லீங்கறயா? தோலை... உரிச்சுப்போடுவேன்.”

நாச்சாயி எழுந்தாள். பல்லக்குத் தண்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். கலகலத்தது. செங்கோடனைப் பார்த்தாள்.

“தொடாதே! அது... எங்க ஜமீன்... வர்ற சத்தம்.”

நாச்சாயி திரும்ப வந்து உட்கார்ந்து இலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

செங்கோடனின் கை தானாகத் தோள் காய்ப்பைத் தடவியது. பாவாயி கடைசியாக இழுத்த மூச்சும் ஜமீன்தாரின் இந்த இழுப்பு மாதிரிதான் கேட்டது. எதிரியிடமிருந்து வந்தாலும் அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

கூரையில் செருகியிருந்த கொடுவாளை உருவினார்.

“டேய்! புடிங்கடா... அவனை!”

நால்வரில் ஒருவன் நகர்ந்தான். கொடுவாளுக்கு இடம் விட்டான்.

ஒரே போடு. வெள்ளிப்பூண் ஒரு பக்கம் உருண்டது. பிளந்த கணுவுக்குள்ளிருந்து உடைந்த கற்கண்டு மாதிரி வெள்ளையாகக் கொட்டியது.

செங்கோடன் ஒரு சிட்டிகை எடுத்துக் கல்வத்தில் போட்டு, தானே அரைத்தார். தேனில் குழைத்து ஜமீன்தாரின் நாக்கில் தடவினார். மிச்சத்தை டப்பாவில் கொட்டி மூடினார். அதற்கு அவர் யாருடைய உத்தரவையும் கேட்கவில்லை.

பொழுது சாயச் சாய இழுப்பு தணிந்தது. ஜமீன்தார் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சை வைத்து முதல் வேலையாகத் திட்டினார்.

“படுபாவி! பல்லக்கை முறிச்சுப்போட்டயே! நான் எப்படிடா அரண்மனை போய்ச் சேர்றது?”

செங்கோடன் கொடுவாளைத் துடைத்துக் கூரையில் செருகினார்.

“மூச்சுதான் வந்திருச்சில்ல? நடங்க.”