இஞ்சின் சத்தம் தாழ்ந்த இடம்

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பந்தயத் தளத்தில் மயில்சாமி என்பவர் பந்தயக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவரிடம் கற்றவர்களில் தரணிதரன்தான் வெகுதூரம் போனவன். இரண்டு முறை தேசிய சாம்பியன். ஐரோப்பாவில் ஒரு பெரிய அணி அவனுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான், அதே தளத்தில், பந்தயத்தின் நடுவே அவன் கார் தடுப்பில் மோதியது. வலது கணுக்கால் நொறுங்கிப்போனது.

ஆபரேஷன், ஊன்றுகோல், பயிற்சி என்று ஒரு வருடம் போயிற்று. எலும்பு கூடிவிட்டது, ஓட்டலாம் என்றார் டாக்டர். பழைய வேகத்தில் ஓட்ட முடியுமா என்று கேட்டான். அதை எக்ஸ்ரே காட்டாது என்று சொல்லிவிட்டார்.

அணி அதுவரை காத்திருந்தது. இனிமேல் காத்திருக்க முடியாது, இன்று மாலைக்குள் முடிவைச் சொல் என்று கேட்டிருந்தது.

காலையில் தரணி மாஸ்டர் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே கேட்டான்.

“நான் திரும்பி வர முடியுங்களா மாஸ்டர்?”

மாஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார்.

“உள்ள வா. சாப்பிட்டியா?”

“சொல்லுங்க மாஸ்டர்.”

“சாப்பிடு. தளத்துக்குப் போலாம்.”

தளத்தில் இரண்டு பேர் உட்காரக்கூடிய பயிற்சி கார் நின்றது. தரணியை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் சுற்று சுகமாகப் போனது. அவன் கைகள் எதையும் மறந்திருக்கவில்லை. நேர்ப்பாதை முடிந்து, நீண்ட வலது வளைவு வந்தது. அவன் மோதியது அங்கேதான்.

வளைவைத் தாண்டியதும் மாஸ்டர் சொன்னார். “ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்ட.”

“இல்லீங்க மாஸ்டர். முழுசா மிதிச்சுத்தான் இருந்தேன்.”

“சரி. இன்னொருக்கா போ.”

மறுபடி போனான். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

“எடுத்துட்ட கண்ணு.”

“சத்தியமா எடுக்கலைங்க.”

அடுத்த முறை வளைவு நெருங்கியபோது மாஸ்டர், “காலைப் பத்தி நினைக்காத. சத்தத்தைக் கேளு” என்றார்.

தரணி கேட்டான். உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த இஞ்சின், வளைவின் வாயில் ஒரு கணம் தாழ்ந்தது. பிறகு எழுந்தது.

இன்னொரு சுற்று போனான். அதே இடத்தில் சத்தம் தாழ்ந்தது. அதற்கடுத்த சுற்றிலும் தாழ்ந்தது. காரை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். முகமெல்லாம் வியர்வை.

“கால் சரியாகலைங்களா, இல்ல பயமா?”

“தெரியல.”

“உங்களுக்குமா தெரியல?”

“ரெண்டுல எதுவா இருந்தாலும் சத்தம் ஒரே மாதிரிதான் கேக்கும்.”

தரணி ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். வெகுநேரம் தோள்கள் குலுங்கின. மாஸ்டர் அவனைத் தொடவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகை அடங்கியதும் அவன் கேட்டான். “நீங்களும் அடிபட்டுத் திரும்பி வந்தவர்தானுங்களே மாஸ்டர்?”

“வந்தேன்.”

“வந்து?”

“நாலு வருசம் ஓட்டுனேன். நான் காருல ஏறுறப்ப எல்லாம் சனங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுவாங்க. பந்தயம் முடியறப்ப எனக்குப் பின்னால ஒரு காரும் இருக்காது.”

“இனி முடியாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலைங்களா?”

“என் மாஸ்டர்கிட்ட வருசா வருசம் கேட்டேன். இன்னும் கொஞ்சம் பாரு, வந்துரும்னார். அவருக்கு என்மேல அத்தனை பிரியம். நாலாவது வருசம் என் பக்கத்துல வந்த பையனுக்கு நான் வழிவிடத் தெரியாம தடுமாறி, அவன் கார் உருண்டுருச்சு. பொழச்சுக்கிட்டான். நான் அன்னைக்கு இறங்குனவன்தான்.”

வெயில் ஏறியிருந்தது. தரணி கீழே இறங்கினான். கணுக்கால் விறைத்துப்போய், கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. போனை எடுத்தான். அணியின் மேலாளரிடம் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினான். இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னான். காத்திருந்ததற்கு நன்றி என்றான். மேலாளர் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் வைத்துவிட்டான்.

திரும்பி வந்து காரின் மேல் சாய்ந்து நின்றான்.

“உங்க மாஸ்டர் மாதிரி நீங்களும் வந்துரும்னு சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வருசமாவது நான் நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்.”

மாஸ்டர் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

“காலையில நீ வாசல்ல நின்னு கேட்டப்பவே அது என் வாய் வரைக்கும் வந்துருச்சு கண்ணு. வீட்டுல இருந்தா சொல்லிருவேன்னுதான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன்.”