ராஜா நகம் கடிக்கிறார், பராக்!

கொன்றையூரை ஆண்ட சிங்கமுத்துப் பூபதிக்குப் புலி என்றால் பயமில்லை, மதயானை என்றால் பயமில்லை. ஆனால் மனசில் லேசாக ஒரு கவலை வந்தால் போதும், விரல் வாய்க்குள் போய்விடும். சும்மா கடி இல்லை, அப்படி ஒரு கடி! பத்து விரலிலும் சதைதான் மிச்சம். மாதம் ஒருமுறை நகம் வெட்ட வரும் அரண்மனை நாவிதர் கையைப் பார்ப்பார், ஒரு கும்பிடு போடுவார், வந்த வழியே திரும்பிப் போவார்.

இது அரண்மனைக்குள்ளேயே இருந்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பக்கத்துக் கருங்கோட்டையின் தூதர் கங்காதர ராயர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஆள் படு கில்லாடி. பேச்சின் நடுவே ராஜாவின் விரல் வாய்க்குப் போனால், 'ஓகோ, ஐயா நடுங்குகிறார்' என்று தெரிந்துகொள்வார். உடனே குரலை உயர்த்துவார். போன வருஷம் இப்படித்தான் ஒரு மேய்ச்சல் காட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை தாமரை ஏரியைக் கேட்டு வருகிறாராம். அந்த ஏரி போனால் கொன்றையூரில் பாதி வயல் காய வேண்டியதுதான்.

ராஜா வாகீசனைக் கூப்பிட்டார். சபையில் யோசனை சொல்கிறவன். மூளையும் உண்டு, வாய்க்கொழுப்பும் உண்டு.

"வாகீசா, பத்தாம் நாள் ராயர் வருகிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்தப் பாழாய்ப்போன கை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. என் ஜனங்களின் தண்ணீரை நானே கடித்துத் துப்பிவிடுவேன் போலிருக்கிறது."

"வைத்தியர் என்ன சொன்னார், மகாராஜா?"

"வேப்பெண்ணெய் தடவினார். நாலே நாளில் அதுவும் ருசியாகிவிட்டது. ராணி துணி சுற்றினாள். துணியைக் கடித்தேன். ஆளாளுக்குக் 'கடிக்காதீர்கள், கடிக்காதீர்கள்' என்கிறார்கள். அதைக் கேட்டால் இன்னும் இரண்டு விரல் சேர்ந்து உள்ளே போகிறது! ஆகையால் மருந்து கூடாது, கட்டு கூடாது, 'கடிக்காதே' என்று எவனும் சொல்லவும் கூடாது. பழக்கம் போக வேண்டும். போகாவிட்டால் நீ ஊரைவிட்டுப் போக வேண்டும்!"

"அடேயப்பா! கடிப்பது தாங்கள், ஊரைவிட்டுப் போவது நானா? சரி, ஓர் ஓலையில் முத்திரை போட்டுக் கொடுங்கள். கட்டியக்காரன் மருதையா தாங்கள் சபைக்கு வரும்போது மட்டும்தானே கட்டியம் கூறுகிறான்? இனிப் பத்து நாளைக்குத் தங்கள் திருக்கரம் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஊரறியக் கூறட்டும்."

புகழ்மொழி யாருக்குக் கசக்கும்? ராஜா சந்தோஷமாக முத்திரை போட்டார். கொன்றையூரில் முத்திரை விழுந்த ஆணையைக் கெடு முடியும்வரை ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது. அது அவருக்கு மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது.

அப்போது அவர் ஏரியை நினைத்தபடி ஜன்னலோரம் நின்றிருந்தார். பின்னாலிருந்து ஓர் இடி இடித்தது.

"ராஜாதிராஜ, ராஜகம்பீர, சிங்கமுத்துப் பூபதி மகாராஜா, வலக்கை ஆள்காட்டி விரல் நகத்தைக் கடிக்கத் தொடங்கினார்! பராக்! பராக்!"

ராஜா துள்ளிவிட்டார். அந்தப்புரத்தில் ராணி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கடித்த துணுக்கைத் துப்பினார்! பராக்!"

"டேய், நிறுத்துடா!"

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. முத்திரை!" என்று மருதையா ஓலையை நீட்டினான்.

மத்தியானத்துக்குள் மருதையாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு வந்து மறுபடியும் ஆரம்பித்தான். ராஜா திகைத்துப் போனார்.

"வாகீசா, நிஜமாகவே நான் இத்தனை தடவையா கடிக்கிறேன்? கை மேலே போவதே எனக்குத் தெரியவில்லையே!"

"மருதையாவுக்குத் தெரிகிறது, மகாராஜா."

மூன்றாம் நாளிலிருந்து, மருதையா மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டாலே ராஜா விழித்துக்கொண்டார். பாதி வழியில் நிற்கிற கையை என்ன செய்வது? பக்கத்திலேயே மீசை இருந்தது. அதைத் தடவிக்கொண்டார். அப்புறம் மருதையா மூச்சை இழுக்காமலேயே கை அங்கே போகப் பழகிவிட்டது. எட்டாம் நாள் விரல்நுனியில் வெள்ளையாக நகம் எட்டிப் பார்த்தது. ராஜா அதை ராணியிடம் ஓடிப்போய்க் காட்டினார்.

பத்தாம் நாள் வந்தார் ராயர். உட்காரும்போதே குரல் ஓங்கியது.

"ஏரியைக் கொடுக்கிறீர்களா, இல்லை எங்கள் குதிரைப் படை வந்து கேட்கட்டுமா?"

ராஜாவுக்குக் கவலை வந்துவிட்டது. கை மெல்ல எழுந்தது. ராயரின் கண் பளிச்சென்றது. வாகீசன் மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டான்.

கை வாயருகே வந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு மேலே போனது.

"ராஜாதிராஜ, ராஜகம்பீர, சிங்கமுத்துப் பூபதி மகாராஜா மீசையை முறுக்கினார்! பராக்! பராக்!"

மண்டபமே அதிர்ந்தது. படையென்ற பேச்சுக்கு ஒரு ராஜா மீசையை முறுக்கினால் என்ன அர்த்தம்? 'வா, பார்த்துவிடலாம்' என்று அர்த்தம்! ராயர் முகம் வெளுத்தது.

"அதாவது... நான் சும்மா... பேசிப் பார்க்கத்தான்..." என்று இழுத்தவரின் விரல் தன்னையறியாமல் வாய்க்குப் போனது.

ஆணை ராஜாவின் கைக்கு மட்டும்தான். ஆனால் மருதையாவின் வாய்க்கும் பத்து நாள் பழக்கம் அல்லவா?

"கருங்கோட்டைத் தூதர் கங்காதர ராயர் இடக்கைச் சுண்டுவிரல் நகத்தைக் கடிக்கிறார்! பராக்! பராக்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா ரொம்பக் கரிசனமாகக் கேட்டார்: "ஏன் ராயரே நடுங்குகிறீர்கள்? ஏரியை மறந்துவிடுங்கள். போன வருஷத்து மேய்ச்சல் காட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள்."

ராயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன வேகத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது.

ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "வாகீசா, என்ன பரிசு வேண்டும், கேள்!"

பொன்னா, நிலமா? வாகீசன் ஆழ்ந்து யோசித்தான்.

"மதியூகி வாகீசர் தாடியிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார்! இன்னொன்றையும் பிடுங்குகிறார்! பராக்!"

வாகீசன் வெடுக்கென்று கையை இறக்கினான். "மகாராஜா, ஒரு பரிசும் வேண்டாம். இவன் வாயை மூடச் சொல்லுங்கள், போதும்!"

"அதெப்படி? கேட்காமலே தருகிறேன்," என்றார் ராஜா, புதிதாக முளைத்த நகத்தால் மோவாயைச் சொறிந்தபடி. "மருதையா, நாளையிலிருந்து உனக்கு வாகீசன் வீட்டில் வேலை!"