பிஞ்சுக்கு வராத வண்டி

நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யிருந்தாலும் என் மீசைய வழிச்சுருங்க. போன வாரந்தான் வளக்க ஆரம்பிச்சேன், கொஞ்சம் பாத்து வழிங்க.

நத்தத்துல தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவ பவுலின். வயசு முப்பது. அவளுக்கு ஒரு சிஷ்யன், அங்குச்சாமி. வயசு அம்பத்தெட்டு. "கம்பெனிக் காயிதத்தப் படிக்கக் கத்துக்குடு தாயி"ன்னு வாராவாரம் வந்து உக்காந்துக்குவாரு.

அன்னிக்கு மொகம் தொங்கிப்போயி வந்தாரு. ஊறுகாய்க் கம்பெனிக்கு வெள்ளரிப்பிஞ்சு போட்டிருந்தாரு. பிஞ்சு விரல் தண்டிதான் இருக்கணும். கம்பெனி வண்டி வர்ற அன்னிக்குத்தான் பறிக்கணும். திங்கக்கெழம பதமா நின்னுச்சு. வண்டி வந்தது வியாழக்கெழம. அதுக்குள்ள ஒவ்வொண்ணும் அவரு மணிக்கட்டு கணக்கா ஊதிருச்சு.

"ஒப்பந்தத்துல பிஞ்சுன்னு இருக்கு. இது காயி"ன்னுட்டு கம்பெனி ஆளு வெறும் வண்டியாத் திரும்பிட்டான்.

இப்ப அடுத்த போகத்துக்குக் கையெழுத்துக் கேக்குறான். போடலேன்னா விதை கெடையாது, காடு சும்மா கெடக்கும். போட்டா மறுபடியும் இதே கூத்து.

"எந்த வார்த்த தாயி என்னக் கவுத்துச்சு? பத்துத் தடவ படிச்சிட்டேன். ஒண்ணும் தப்பாத் தெரியலயே!"

"இருங்கய்யா, டீ தாரேன்."

"குடு குடு. காலைலருந்து பல்லுல பச்சத்தண்ணி படல."

டீ வந்துச்சு. பவுலின் கிளாஸத் தன் பக்கம் வச்சுக்கிட்டு ஒருத்தருக்குப் பட்டா மனு எழுதுனா. அப்புறம் ஒரு பாட்டிக்கு பென்சன் மனு. அங்குச்சாமி கிளாஸவே பாத்துக்கிட்டிருந்தாரு. ஆவி அடங்குச்சு. ஆடை படிஞ்சுச்சு. ஒரு ஈ வந்து சம்மணம் போட்டு உக்காந்துச்சு.

"இந்தாங்க."

"ஆறிப் பச்சத்தண்ணியாப் போச்சே!"

"டீ தாரேன்னேன், தந்துட்டேன். இது டீ இல்லையா?"

"டீதான்... ஆனா எப்பத் தருவேன்னு நீ சொல்லவே இல்லியே தாயி!"

சொன்ன வாயி தெறந்தமேனிக்கே நின்னுபோச்சு. மடியிலருந்து ஒப்பந்தத்த உருவுனாரு. 'பிஞ்சுகளைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.' அதுக்குப் பக்கத்துல ஒண்ணுமே எழுதாத எடத்துல அவரு விரல் போயி நின்னுச்சு.

பவுலின் பேனாவ நீட்டுனா.

"இப்பத்தான்யா படிக்கக் கத்துக்கிட்டீங்க."

அவ்வளவுதான். கேட்டவுக ஆளுக்கொரு டீ சொல்லுங்க எனக்கு. சும்மா மண்டைய ஆட்டுனா ஆகாது, எத்தன மணிக்குன்னு எழுதிக் குடுங்க.