பஞ்சத்துப் பிள்ளைகள்

பெரும்பஞ்சம் வந்த ஆண்டில் வறட்டாற்றங்கரை ஊரில் பிறந்த பிள்ளைகளை மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தவர் குழலம்மை. பிறகு அவர் துறவு பூண்டு மலையேறிவிட்டார். ஆனாலும் ஆண்டுதோறும் அறுப்பு முடிந்ததும் இறங்கி வந்து, அவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுப் போவார். இப்போது அந்தப் பிள்ளைகளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

இந்த முறை சீடன் தாண்டவனும் கூட வந்தான்.

முதல் வீட்டு வாசலில் அம்மை நின்றார்.

"உள்ளே இருப்பவன் நம்மை உட்காரச் சொல்வான். தான் உட்கார மாட்டான்."

அப்படியே நடந்தது. மாடசாமி பேசி முடிக்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அடுத்த வீடு.

"சிரித்துச் சிரித்துப் பேசுவாள். சோற்றுப் பானைமேல் கல் இருக்கும்."

வெள்ளையம்மாளின் குதிரில் நெல் நிறைந்திருந்தது. அவள் சிரித்துக்கொண்டே மோர் கொடுத்தாள். அடுப்படியில் பானை மூடியின் மேல் ஒரு கருங்கல் உட்கார்ந்திருந்தது.

தெருவுக்கு வந்ததும் தாண்டவன் கேட்டான்.

"போன வருடம் பார்த்ததைச் சொல்கிறீர்களா, அம்மா?"

"இல்லை. மூன்று வயதில் பார்த்ததை."

"நீங்கள் சொல்வதால்தான் நடக்கிறதோ?"

"சொல்லாமலும் இருந்து பார்த்தேன்."

உச்சிவெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கடைசி வீட்டின் கதவு சாத்தியிருந்தது.

"பேச்சியின் வீடு," என்றார் அம்மை. "பஞ்சத்தில் செத்துப்போன தாயை அணைத்துக்கொண்டு கிடந்தவள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று ஊரார் போய்விட்டார்கள்."

கதவைத் தட்டினார்.

உள்ளிருந்து குரல் வந்தது. நரைத்த பெண்ணின் குரல் அல்ல. பால்மணம் மாறாத பிள்ளையின் குரல்.

"இங்கே யாரும் இல்லை."

தாண்டவன் வாசலைவிட்டு விலகினான்.

"அம்மா, நானும் அந்தப் பஞ்சத்தில் பிறந்தவன்தான். சந்தையில் என்னை விட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை."

"தெரியும்."

அவன் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"என் வாசலில் நின்றால் என்ன சொல்வீர்கள்?"

"தன்னை யாரும் விட்டுப் போவதற்குள், தானே போய்விடுவான் என்பேன்."

தாண்டவன் குனிந்து பார்த்தான். அவன் பாதங்கள் ஏற்கனவே ஊர் எல்லையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எப்போது திரும்பின என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டிய மனைவியை விட்டு வந்ததும், இதற்கு முன்னிருந்த குருமார்களை விட்டு வந்ததும் இப்படித்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நெடுநேரம் அப்படியே நின்றான். பிறகு, சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல் ஒவ்வொரு காலாகத் திருப்பி வந்து, அம்மையின் அருகே சுடும் மண்ணில் உட்கார்ந்தான்.

"எல்லாம் முன்பே தெரியும் என்றால், ஆண்டுதோறும் எதற்கு வருகிறீர்கள்?"

குழலம்மை மறுபடி கதவைத் தட்டினார்.

"ஒருத்தராவது என்னைப் பொய்யாக்க மாட்டார்களா என்றுதான்."