விருந்தாளியாய் உட்கார்ந்த ஞானாபரணம்

"திறந்து கிடக்கிற கதவைக் காட்டினா வீட்டுக்காரன் சந்தோஷப்படணுமா, நம்மளை முட்டாள்னு சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க மேடம்."

மாடியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஞானாபரணம் சார் கேட்டுவிட்டார்.

ரஹ்மத்நிஷா அவர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"லேப்டாப்பா சார்?"

"ஆமா. எல்லாம் இதுலதான் இருக்கு."

"செருப்புப் பக்கத்துல வச்சிட்டு வாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே கீழ்வாசலில் ஒரு விசாரணை முடிந்திருந்தது. அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் மாமியார் ஜெய்லானி பீவி, "யாரு? எதுக்கு?" என்று கேட்டு, பதில் மனசுக்குப் பிடித்த பிறகே மாடியைக் காட்டினாள். இப்போது இது.

வைத்தார். வேறென்ன செய்வது, வந்தது கும்பிடு போட.

கடையநல்லூரில் ரஹ்மத்நிஷா யாரென்று கேட்டால் பாத்திரக்கடை மருமகள் என்பார்கள். மென்பொருளில் ஓட்டை தேடுகிற கூட்டத்தில் அதே பெயரைச் சொன்னால் உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து உட்காருவான். அவள் கண்டுபிடிப்பாள், சம்பந்தப்பட்டவனுக்குச் சத்தமில்லாமல் எழுதுவாள், அவன் அடைத்த பிறகுதான் வாயைத் திறப்பாள். வயதில் ஞானாபரணத்துக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் மேடம் என்ற சொல் அவர் வாயில் தானாக வந்தது.

அவர் மட்டும் லேசுப்பட்ட ஆளா? பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினிகள் அத்தனையும் அவர் கையில் இருந்தன. பிள்ளைகள் களவாக ஏற்றி வைத்த விளையாட்டுகளைத் தேடித் தேடி அழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் கல்லூரி அந்த வேலையை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு மாலை போட்டு அனுப்பியது.

மாலை வாடுவதற்குள் சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இனிமே என்ன செய்யப் போறீக? வீட்டுலதானா?

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஒரு விளையாட்டு மென்பொருளில் இந்த ஓட்டையைப் பிடித்தார். சனிக்கிழமை மதுரையில் ஒரு கூட்டம். இந்தத் தொழில்காரர்கள் எல்லாம் வருவார்கள். அழைப்பிதழில் பேச்சாளராக அவர் பெயர் போட்டாயிற்று. அதற்குள் அந்த விளையாட்டைச் செய்த கம்பெனி, இது ஓட்டையே இல்லை என்று கையை விரித்துவிட்டது.

"எனக்கு உங்க வாயால ஒரு வார்த்தை போதும். ஞானாபரணம் சொல்றது சரின்னு."

"என்ன சொல்றீங்கன்னு சொல்லுங்க."

சொன்னார். வேட்டைக்களம் என்று ஒரு விளையாட்டு. பிள்ளைகள் சோறு தண்ணி இல்லாமல் ஆடுகிறார்கள். அதை ஏற்றும்போது கூடவே ஒரு வேலைக்காரனும் வந்து உட்கார்ந்துகொள்கிறான். கண்ணுக்குத் தெரியாத சின்ன நிரல். விளையாட்டைப் புதுப்பிப்பது அவன் வேலை. அதற்காக அந்த மெஷினில் என்ன வேண்டுமானாலும் செய்கிற முழு அதிகாரத்தையும் அவனுக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"அவனோட பெட்டியில, அதான் ஃபோல்டர்ல, என் ஃபைலைப் போட்டேன் மேடம். தன்னோட ஃபைல்னு நெனச்சு அவன் அதை ஓட்டுறான். அப்புறம் அவன் அதிகாரம் முழுக்க என் அதிகாரம். சும்மா விளையாட வந்த பய, மெஷினுக்கே ராஜா ஆயிடலாம்."

"கம்பெனி என்ன சொல்லுச்சு?"

"இதைச் செய்ய ஏற்கெனவே முழு அதிகாரம் வேணும், அதனால ஏற்க முடியாதுன்னு. ஒரே வரி. திமிரு."

ரஹ்மத்நிஷா தன் மேஜையில் இருந்த மெஷினை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க வரேன்னு சொன்னதும் அந்த விளையாட்டை ஏத்தி வச்சாச்சு. செஞ்சு காட்டுங்க."

திரையில் 'விருந்தாளி' என்று எழுதியிருந்தது. வந்து போகிறவர்களுக்கான கணக்கு. விளையாடலாம், படம் பார்க்கலாம். தனக்கென்று உள்ள பெட்டிக்கு வெளியே எதையும் மாற்ற முடியாது.

ஞானாபரணம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதானே. தன் ஃபைலை மனப்பாடமாக அங்கேயே தட்டி எழுதினார். வேலைக்காரனின் பெட்டியைத் திறந்தார். ஃபைலைப் போட்டார்.

'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது மெஷின்.

மறுபடியும் போட்டார். மறுபடியும் அதையே சொன்னது.

"பாஸ்வேர்ட் போடுங்க மேடம்."

"டீ ஆறுது சார்."

டீயைக் குடித்தார். குடிக்கும்போதே மண்டையில் உறைத்துவிட்டது. டம்ளரை வைக்கக்கூடக் கை வரவில்லை.

அவர் லேப்டாப்பில் அவர் ராஜா. வாங்கின அன்றைக்கே முழு அதிகாரக் கணக்கைத் தன் பெயருக்குத் திறந்து, அன்றிலிருந்து அதிலேயே உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியிலும் அப்படித்தான். எந்த மெஷினும் அவரைப் பார்த்து முடியாது என்று சொன்னதே இல்லை. ராஜாவாக உட்கார்ந்துகொண்டு ராஜா ஆகிக் காட்டியிருக்கிறார் மனுஷர். இதைக் கம்பெனிக்கு வேறு எழுதி, பதில் வந்ததும் திமிர் என்று திட்டி, மதுரைக்கும் வரேன் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"கம்பெனிக்காரன் சொன்னது சரி" என்றார்.

ரஹ்மத்நிஷா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

"நான் கெளம்புறேன் மேடம். உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன்."

"வேட்டைக்களம் ஆடியிருக்கீங்களா?"

"நானா? அழிச்சுத்தான் பழக்கம்."

"ஆடுங்க."

அவள் போய்த் தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வயதில் ஞானாபரணம் சார் வேட்டைக்களம் ஆடினார். போன வேகத்தில் செத்தார். எழுந்து போனார், திரும்பவும் செத்தார். எங்கேயோ இருந்து ஆடுகிற ஒரு சுண்டைக்காய்ப் பயல் அவரைக் கொன்றுவிட்டு அவர் பிணத்தைச் சுற்றி டான்ஸ் ஆடினான். ரோசம் வந்துவிட்டது. தனக்கென்று ஒரு படை அமைத்தார். படைக்கு ஒரு கொடி வேண்டும் என்றது விளையாட்டு. பிடித்த படத்தை வைத்துக்கொள்ளலாமாம்.

கோணல்மாணலாக ஒரு பனைமரம் வரைந்து கொடுத்தார்.

பனைமரம் கொடியில் ஏறி ஆடியது. பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கை நின்றது.

நான் விருந்தாளி. எனக்குத்தான் என் பெட்டியைத் தவிர எங்கேயும் எதையும் வைக்க அனுமதி இல்லையே. பின்னே இந்தப் பனைமரத்தை உள்ளே கொண்டு போய் வைத்தது யார்?

வேலைக்காரன்.

விருந்தாளி தன் சொந்தப் பெட்டியில் படத்தை வைக்கிறான். வேலைக்காரன் அதை எடுத்து, தன் முழு அதிகாரத்தோடு உள்ளே நடந்து போய், கொடிகள் இருக்கிற இடத்தில் வைக்கிறான். இது படம்தானா என்று பார்க்கவில்லை. போகிற இடம் கொடி இடம்தானா என்றும் பார்க்கவில்லை. விருந்தாளி கை காட்டிய பக்கம் போகிறான்.

அப்படியென்றால் வேறு பக்கம் கை காட்டினால்?

ஞானாபரணம் பனைமரத்தை எடுத்துவிட்டுத் தன் ஃபைலை வைத்தார். கொடி இடத்துக்குப் பதிலாக வேலைக்காரனின் சொந்தப் பெட்டியைக் காட்டினார். தனக்கு அனுமதி இல்லை என்று விரட்டிய அதே பெட்டி. விளையாட்டை மூடித் திறந்தார்.

கட்டளை தட்டுகிற ஒரு கறுப்புத் திரை எழும்பியது. யார் அதிகாரத்தில் இருக்கிறேன் என்று அதனிடம் கேட்டார். முழு அதிகாரம் என்றது.

"மேடம்" என்றார். திரையைக் காட்டினார்.

ரஹ்மத்நிஷா எழுந்து வந்து பின்னால் நின்றாள். முதலிலிருந்து செய்யச் சொன்னாள். செய்தார். மறுபடியும் செய்யச் சொன்னாள். மறுபடியும் செய்தார். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப அழகா இருக்கு சார்."

இத்தனை வருஷ வேலையில் அவர் வாங்கிய மாலைகள் ஷால்கள் எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்கு உறை போடக் காணாது. கண் கலங்கியதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இந்தக் கொடி விஷயம் உங்களுக்கு முன்னமே தெரியும். அதான் ஆடச் சொன்னீங்க."

"தெரியாது சார். நான் அதை ஆடினதே இல்ல."

அவருக்கு இன்னும் மரியாதை கூடியது. தெரிந்து வழி காட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார்.

"நல்லவேளை, இன்னிக்கே மாட்டுச்சு. சனிக்கிழமை மேடையில இதையே செஞ்சு காட்டிடுறேன். அந்த ஒரு வரிக்காரன் முகத்துல ஈயாடக் கூடாது. என்ன சொல்றீங்க?"

அவள் போய் ஜன்னலைத் திறந்தாள்.

எதிர் மாடியில் ஒரு கேமிங் சென்டர். பள்ளிக்கூடம் விட்ட நேரம். படிக்கட்டு முழுக்கச் செருப்பு, ஒன்றின் மேல் ஒன்று. உள்ளேயிருந்து வேட்டைக்களத்தின் இசை. அவருக்கு இப்போது அந்த இசை தெரியும். ஊரில் இருக்கிறவன் போகிறவன் எல்லாம் விருந்தாளியாக வந்து உட்கார்ந்து எழுகிற மெஷின்கள். பின்னால் வருகிற பிள்ளை தன் பெயர், கடவுச்சொல், அப்பாவின் ஃபோன் நம்பர் எல்லாம் அதில் தட்டும். முன்னால் உட்கார்ந்து எழுந்து போனவன் ராஜாவாகிப் போயிருந்தால்?

கம்பெனி அடைப்பதற்கு மாசக்கணக்கில் ஆகும். கூட்டமோ வருகிற சனிக்கிழமை.

ஞானாபரணம் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபோனை எடுத்து, கூட்டம் நடத்துகிற சேவியரைக் கூப்பிட்டார்.

"சேவியர், சனிக்கிழமை என் பேச்சை எடுத்துருப்பா."

"ஏன் சார்? அழைப்பெல்லாம் போயிருச்சே." அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. "கம்பெனிக்காரன் சொன்னதுதான் சரியா?"

தொண்டை வரைக்கும் வந்தது. இல்லப்பா, அதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கு. விழுங்கினார்.

"ஆமாப்பா. நான் அனுப்பினது தப்பு. அவன் சொன்னதுதான் சரி."

"சரி விடுங்க சார். இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு உங்களுக்கு."

"அதானே" என்று வைத்துவிட்டார்.

ரஹ்மத்நிஷா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தபோது பார்த்த பார்வை இல்லை. தானாகப் போய் அவருக்கு இன்னொரு டீ எடுத்து வந்தாள்.

கம்பெனிக்கு விவரம் எழுதி அனுப்பினார்கள். அவர் பெயரிலேயே அனுப்பச் சொன்னாள்.

கிளம்புகிற நேரம் அவருக்கு ஒரு கவலை வந்தது. "மேடம், அந்த வேலைக்காரனை உங்க மெஷின்ல விட்டு வைக்க வேண்டாம். எடுத்துடுவோம். அட்மின் பாஸ்வேர்ட் போடுங்க."

"எனக்குத் தெரியாது சார்."

"எது?"

"பாஸ்வேர்ட்."

அவருக்குப் புரியவில்லை. "இது உங்க மெஷின்தானே?"

"ஆமா. நானும் அதே விருந்தாளிக் கணக்குலதான் உட்காருறேன். பாஸ்வேர்ட் மாமிகிட்ட இருக்கு. நான்தான் அவங்களை வைக்கச் சொன்னேன். வேணும்னா அவங்க வந்து போடுவாங்க."

ஞானாபரணம் அவளைப் பார்த்தார். இந்தத் தொழிலில் பேர் சொன்னால் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிற பெண். மெஷினைப் பார்த்தார். கறுப்புத் திரை இன்னும் திறந்தேதான் இருந்தது. முழு அதிகாரத்தோடு. அதில் ஒரு வரி தட்டினால் போதும், வேலைக்காரன் போய்விடுவான். யாரையும் கேட்க வேண்டாம்.

கறுப்புத் திரையை மூடினார்.

படியிறங்கினார். ஜெய்லானி பீவி முறத்தை மடியிலிருந்து இறக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, மாடியில மெஷினுக்கு பாஸ்வேர்ட் போடணும்."

"எதுக்கு?"

இத்தனை வருஷத்தில் ஞானாபரணம் சாரிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் கையைக் கட்டிக்கொண்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.